பெண் வீட்டாருக்கு ஊர் காட்டிய ஞாயிறு

எங்கள் ஊருக்கு மருமக்கள் வருவார்கள், மீன் வியாபாரிகள் வருவார்கள், கரண்டு பில் எடுக்க ஆள் வருவார். ஊரைப் பார்க்க என்று யாரும் வருவதில்லை. கார் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் எல்லாம் மணப்பாட்டுக்குப் புறப்பட்டு, கைபேசி காட்டிய வழியை நம்பி ஒரு திருப்பம் முன்னாலேயே திரும்பிவிட்டவர்கள். எங்கள் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "சர்ச்சுக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இதுவும் சர்ச்சுதான், இறங்கிப் பாருங்க" என்பேன். "ரிட்டர்ன்ல பாக்குறோம்" என்று சிரித்துக்கொண்டே திருப்பிவிடுவார்கள். ரிட்டர்னில் இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

மணப்பாட்டின் மேல் எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேடு, மேட்டின் மேல் கோயில், கீழே குகை, பலகையைத் தூக்கிக்கொண்டு அலையில் ஏற வருகிற வெள்ளைக்காரர்கள், இடைக்கிடை சினிமா ஷூட்டிங். இந்தப் பக்கம் திருச்செந்தூர். சஷ்டி சமயத்தில் பஸ்ஸில் ஏறி நான் பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் சேலை மடிப்பு ஒன்றுகூட மிஞ்சாது. நடுவில் குலசை தசரா. அது போதாதென்று ராக்கெட் தளம் வேறு வருகிறது. இத்தனைக்கும் இடையில் எங்கள் ஊர், கல்யாண வீட்டில் மூலையில் உட்கார்ந்திருக்கும் தூரத்துச் சொந்தம் மாதிரி, யாராவது பேச்சுக் கொடுப்பார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

பேச்சுக் கொடுத்தால் தெரியும், எங்களிடம் எவ்வளவு கதை இருக்கிறதென்று. ஒரு கல்லைக் காட்டிக் கேட்டால் இரண்டு கதைக்குக் குறையாமல் கிடைக்கும். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கும், சொல்கிற இருவரும் அன்றைக்கு முழுக்கப் பேசிக்கொள்ள மாட்டார்கள். நான் திருச்செந்தூரில் ஒரு தொடக்கப்பள்ளியில் டீச்சர். பாடம் முடிந்து மணியடிக்க நேரம் மிச்சமிருந்தால் ஊர்க் கதை ஒன்றை எடுத்துவிடுவேன். முத்துக் குளித்த காலத்தில் எங்கள் கரையில் அரேபியாவிலிருந்தெல்லாம் வியாபாரிகள் கூடாரம் போட்டிருந்தார்கள் என்றால் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அதனால் ஊரைச் சுற்றிக் காட்ட ஆள் வேண்டும் என்று ஒரு நிலை வந்தபோது எல்லாரும் என்னைத்தான் கை காட்டினார்கள். அந்த நிலை என் தம்பியின் கல்யாணத்தால் வந்தது.

தம்பி கப்பல்காரன். எஞ்சின் அறையில் வேலை. ஏறினால் ஒன்பது மாதம் தண்ணீர்தான், இறங்கினால் சில மாதம் லீவு. பீடி சிகரெட் கிடையாது, அதிர்ந்து பேச மாட்டான், பார்க்கவும் ஆள் நன்றாகவே இருப்பான். வந்த வரன்கள் எல்லாம் அவனைப் பார்த்துத் தலையாட்டின, ஊரைக் கேட்டதும் தலையை நிமிர்த்திக்கொண்டன. "மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கு டீச்சர், ஊருதான்..." என்று இழுப்பார்கள். ஒரு வீட்டில், "அங்கன சோத்துலயே மணல் விழுமாமே" என்றார்கள். இன்னொரு வீட்டில் நேராகவே, தூத்துக்குடியில் வீடு எடுப்பானா என்று கேட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி, "பாக்கலாம்" என்றான். அந்த வரன் வேறு காரணத்தால் நின்றுபோயிற்று. அவன் சொன்ன "பாக்கலாம்" மட்டும் என் வயிற்றில் இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

எங்கள் அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. அவர்கள் இருந்த வீடு என் வீட்டுக்கு அடுத்த வீடு. தம்பி கப்பலில் இருக்கும்போது நான்தான் அதைத் திறந்து, கூட்டி, மாதா படத்துக்கு முன் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வருவேன். எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கிற வீடுகள் ஏற்கெனவே உண்டு. பூட்டிய வீட்டு நடையில் மணல் எவ்வளவு சீக்கிரம் ஏறும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத்தான் தெரியும். தம்பிக்குக் கல்யாணம் ஆக வேண்டும். ஆகி, அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். இரண்டும் வேண்டும் எனக்கு. ஒன்று போதும் என்று சொல்லும் பெருந்தன்மை என்னிடம் இல்லை.

அப்போதுதான் தூத்துக்குடியிலிருந்து இந்த வரன் வந்தது. பெண் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். பெண் பார்த்தது, காப்பி குடித்தது எல்லாம் நல்லபடி முடிந்தது. அதன்பின் பெண்ணின் அம்மா எனக்குப் போன் போட்டார்.

"எம் மக ஒண்ணு சொல்லுதா. நீங்க தப்பா எடுத்துக்கிடக் கூடாது."

"சொல்லுங்க."

"மாப்பிள்ளையப் பாத்தாச்சு, சரி. அவுக வருசத்துல முக்காவாசி கப்பல்லதான் இருப்பாக. நான் இருக்கப் போறது ஊருல. அதனால ஊரப் பாத்துட்டுத்தான் பதில் சொல்லுவேங்கா."

மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெரியவர்கள் வருவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். பெண்ணே வருவதில்லை. பெரியம்மா, சித்தி என்று உறவில் உள்ளவர்கள் முகவாயில் கை வைத்தார்கள். எனக்கோ அவள் கேட்டது அச்சு அசலான நியாயமாகப் பட்டது. துணி எடுக்கப் போனாலே பிரித்துப் பார்த்துத்தானே எடுக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வரச் சொன்னேன்.

சனிக்கிழமை முழுக்க எனக்கு அதே நினைப்புதான். எதை முதலில் காட்டுவது, எதைக் கடைசியில் காட்டுவது, எந்தத் தெரு வழியாகப் போனால் மீன் காயப்போட்ட வாடை வராது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். என் வீட்டுக்காரர் வலையில் கிழிசல் பொத்திக்கொண்டிருந்தவர், "ஜனாதிபதி வாராராக்கும்" என்றார். தம்பி அதைவிட மோசம்.

"யக்கா, இங்கன என்னத்தக் காட்டப் போற?"

"நீ வாயத் தொறக்காம பின்னால வந்தாப் போதும்லே."

அந்தக் கட்டளையை ஒரே ஓர் இடம் தவிர அவன் அப்படியே நிறைவேற்றினான். பிறகு அதற்காகவும் அவனைத் திட்டினேன்.

மறுநாள் பெண் வீட்டார் மூன்று பேரும் காரிலிருந்து இறங்கினார்கள். பெண்ணின் அப்பா அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வழுக்கையில் கைக்குட்டையை விரித்துக்கொண்டு நடக்கிற, பார்த்தவுடன் பிடித்துப்போகிற மனிதர். அம்மா கையில் மக்ரூன் டப்பா. பெண் சுடிதார் போட்டு, காலில் கட்டிய கயிற்றுச் செருப்போ குதிகால் உயர்ந்த செருப்போ இல்லாமல், துணி ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மணலில் நடக்கத் தயாராக வந்திருக்கிறாள் என்று நான் மனதுக்குள் ஒரு மார்க் போட்டேன்.

முதலில் கோயில். எங்கள் கோயில் கொடிமரம் ஒரு பாய்மரக் கப்பலின் பாய்மரம். எந்தக் கப்பல் என்பதில் தகராறு உண்டு. போர்த்துகீசியக் கப்பல் என்று வடக்குத் தெரு சொல்லும். அதெல்லாம் இல்லை, கொழும்புக்கு ஓடு ஏற்றிப் போன நம்மூர்த் தோணி என்று தெற்குத் தெரு சொல்லும். நான் தெற்குத் தெருக்காரி. ஆனால் அன்றைக்குக் கூசாமல் போர்த்துகீசியக் கப்பல் என்றே சொன்னேன். பக்கத்தில் மெழுகுதிரி விற்றுக்கொண்டிருந்த எங்கள் தெருப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

அடுத்தது சிப்பி மேடு. முத்துக் குளித்த காலத்தில் சிப்பியைக் குவித்து, அழுக விட்டு, அலசி முத்தெடுப்பார்களாம். முத்து போன இடம் தெரியாது, சிப்பி மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது. மேல் மணலைக் காலால் தள்ளினால் போதும், ஓடு ஓடாக நொறுங்கும். இங்கே யாரைக் கூட்டிவந்தாலும் இரண்டு நிமிடம் கௌரவமாக நிற்பார்கள், அப்புறம் குனிந்துவிடுவார்கள். பெண்ணின் அப்பாவும் குனிந்தார். "முத்து ஏதாவது அகப்பட்டிருக்கா?" என்றார், மண்ணைக் கிளறிக்கொண்டே.

"எங்க அப்பாவோட சின்ன வயசுல ஒருத்தருக்கு ஆம்ட்டுச்சாம்" என்றேன்.

"பெருசா?"

"கடுகளவு."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் கிளறினார். அவர் மனைவி, "எந்திரிங்க, பேண்ட்டெல்லாம் மண்ணு" என்ற பிறகுதான் எழுந்தார்.

அங்கிருந்து பங்களா. முத்துக் குளிப்பை மேற்பார்வையிட வந்த துரை தங்கியது. கட்டியவன் டச்சுக்காரனா இங்கிலீஷ்காரனா என்பதில் மறுபடி தகராறு. யார் கட்டினாலும் முடிவில் குடியேறியது தேரி மணல்தான். செக்கச் செவேலென்று பின்னாலிருந்து ஏறி ஏறி, இப்போது ஜன்னலின் மேல் பாதி மட்டும் வெளியே தெரிகிறது. ஜன்னலுக்குள் குனிந்து பார்த்தால் கூரைக்கும் மணலுக்கும் நடுவில் ஆடுகள் படுத்திருக்கும். நான் துரையின் குதிரை வண்டி, துரைசாணி வாசித்த பியானோ என்று வகுப்பில் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு போனேன். பெண் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"இந்த மணல் இப்பவும் ஏறிக்கிட்டுத்தான் இருக்கா அக்கா?"

"இல்ல இல்ல, சவுக்கு வச்சு நிறுத்தியாச்சு" என்றேன். சவுக்கு வைத்தது உண்மை. மணல் அதைக் கேட்கவில்லை என்பதும் உண்மை. அவள் ஆட்டைப் பார்த்தாள், மணலைப் பார்த்தாள். ஒரு வீடு மண்ணுக்குள் போவதை, குடிவரப்போகிற பெண்ணுக்குப் பார்க்கும் இடம் என்று காட்டிய என் புத்தியை அப்போதுதான் நொந்துகொண்டேன். போட்டோ எடுக்கிறவர்களுக்கு அந்த இடம் நன்றாக இருக்கும். கல்யாணத்துக்கு ஆகாது.

கிணற்றடியில் கொஞ்சம் தப்பித்தேன். கடலுக்கு எட்டின தூரத்தில் கிணறு, தண்ணீர் மட்டும் இளநீர் போல் இருக்கும். எங்கள் ஊரில் தகராறு இல்லாத ஒரே அதிசயம் அதுதான். மூன்று பேரும் வாங்கிக் குடித்தார்கள். பெண் சொம்பைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, எனக்குப் பின்னால் நின்ற தம்பியைப் பார்த்து முதல் தடவையாக நேரடியாகப் பேசினாள்.

"கப்பல்ல இருக்கும்போது உங்களுக்கு ஊரு ஞாபகம் வருமா?"

நான் அவனுக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் சொல்லிவிட்டான்.

"சாப்புடும்போது வரும். சோத்துல மணல் கடிபடாம சாப்புட்டுப் பழக்கம் இல்ல பாத்துக்கிடுங்க."

எந்தக் காரணத்துக்காக ஒரு வரன் தட்டிப்போயிற்றோ அதையே எடுத்து முன்னால் வைக்கிறான் பாவி. அவன் காலை மிதிக்கலாம் என்று பார்த்தால் எட்டவில்லை. ஆனால் அவள் சிரித்தாள். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. என் போர்த்துகீசியக் கப்பலாலும் துரைசாணி பியானோவாலும் ஆகாதது அவனுடைய மணலால் ஆயிற்று. எனக்கு அதில் மகிழ்ச்சியும் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

மதியச் சாப்பாடு என் வீட்டில். ஆட்டுக்கறி, சீலா மீன் பொரியல், ரசம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை; பூசை, கறிச்சோறு, தூக்கம் என்பது பரம்பரை ஒழுங்கு. பெரியவர்கள் முன்னறையில் வாங்குப் பலகையில் உட்கார்ந்து கண் சொருகிக்கொண்டிருந்தபோது அவள் குசினிக்குள் வந்தாள். பாத்திரத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? அவங்க கப்பல்ல இருக்காங்க. நான் அந்த வீட்டுல தனியா இருக்கேன். எனக்கு ஒண்ணுன்னா இங்க யாருக்குத் தெரியும்?"

நான் கையைத் துடைத்துக்கொண்டேன். இதற்குத்தானே அவள் வந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போது விளங்கியது. நாங்கள் இருக்கிறோம், சுவர் ஒட்டிய வீடு, ஊரே ஒரு குடும்பம் மாதிரி, இந்த ஊர் எத்தனை புயலைப் பார்த்தது, எத்தனை கஷ்டத்தில் ஒன்றாக நின்றது என்று அடுக்கிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது சுதந்திர தின விழாப் பேச்சாகக் கேட்டது. ஊரே ஒரு குடும்பம் என்று சொல்லாத ஊர் எது? அவள் "ம்ம்" என்றாள். மரியாதைக்குச் சொன்ன "ம்ம்". பள்ளிக்கூடத்தில் விளங்காத பிள்ளைகளும் அப்படித்தான் சொல்லும். போய்விட்டது, இதுவும் போய்விட்டது என்று நினைத்தேன். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கிளம்புறதுக்கு முன்ன கடலை ஒரு தடவ பாத்துட்டுப் போலாமா?" என்றாள் அவளே.

கடற்கரையில் எங்கள் குருசடி இருக்கிறது. சின்னதாக ஓர் அறை, உள்ளே ஒரு மரச் சிலுவை, வெளியே இரண்டு கல்தூணுக்கு நடுவில் ஒரு மணி. எங்கள் கரையில் உடைந்துபோன ஒரு கப்பலின் மணி. மத்தியான வெயிலில் மணலில் ஓர் ஆள் இல்லை. ஊர் முழுக்கக் கறிச்சோற்றுத் தூக்கம். காரைக் குருசடி வரை கொண்டுவந்து நிறுத்தினார்கள். மணியைப் பற்றி நான் சொன்னேன். வெண்கலத்தில் வார்த்தது, ஓசை வெகு தூரம் போகும் என்றேன். அதற்குள் பெண்ணின் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, சிலுவையைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்துவிட்டு, பக்தியோடு கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஒரு தடவை இழுத்து, ஓசை நன்றாக இருக்கவே, இன்னும் இரண்டு தடவை இழுத்தார்.

அந்த மணியை அடிக்கக் கூடாது என்று வருகிறவர்களிடம் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் தோன்றாது. எங்களுக்கே யாரும் சொல்லித் தந்ததில்லை. அடுப்பில் கை வைக்கக் கூடாது என்று எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். பூசைக்குக் கோயில் மணி வேறு. துக்கத்துக்கு அடிப்பதும் அதே கோயில் மணிதான், அடிக்கிற விதம் வேறு. கரை மணி அடித்தால் ஒரே அர்த்தம்: கடல் யாரையோ கொண்டுபோய்விட்டது.

"ஐயோ சார், விடுங்க" என்றேன். அவர் விட்டுவிட்டார். மணி விடவில்லை, நான் சொன்னபடியே ஓசை வெகு தூரம் போயிற்று.

முதலில் நாய்கள் குரைத்தன. பிறகு கதவுகள். பிறகு தெருத் தெருவாக ஆட்கள் ஓடி வந்தார்கள். இடுப்புச் சாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, கன்னத்தில் பாய் பதிந்த கோடுகளோடு, கறிச்சோற்றுக் கை கழுவாமல். பெண்கள் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வள்ளம் போகாத நாளில் மணி அடித்தால், குளிக்கப் போன பிள்ளைகள் என்றுதானே நினைப்பார்கள். இளவட்டங்கள் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு வள்ளத்தைத் தண்ணீருக்குள் தள்ள ஆரம்பித்துவிட்டார்கள். நான் கையை ஆட்டிக்கொண்டு ஓடி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, தெரியாம அடிச்சிட்டாக" என்று கத்தினேன். பெண்ணின் அப்பா கைக்குட்டையைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் கும்பிட்டார்.

ஊர்க் கமிட்டித் தலைவர் வந்தார். பனியனை முன்பின் மாற்றிப் போட்டிருந்தார்.

"மன்னிச்சிருங்க. தெரியாம அடிச்சிட்டேன்" என்றார் பெண்ணின் அப்பா.

"அதுக்கென்ன சார். வெளியூர்க்காரவுக, ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" தலைவர் அவர் தோளைத் தட்டினார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "எல்லாரும் வீட்டு வாரியா நில்லுங்க."

"அண்ணாச்சி, அதான் தெரியாம அடிச்சதுன்னு சொல்லுதேனே" என்றேன்.

"அவுகளுக்குத் தெரியாம இருக்கலாம். அது மணிக்குத் தெரியாதுல்லா? அடிச்சா எண்ணணும். எண்ணாமக் கலையக் கூடாது. நில்லுளா."

அதுதான் எங்கள் ஊர் வழக்கம். கரை மணி அடித்தால் எந்த வீட்டார் அந்த வீட்டாரோடு, தெருவில் வீடு இருக்கும் வரிசைப்படியே மணலில் நிற்க வேண்டும். தலைவர் வடக்கிலிருந்து ஒவ்வொரு வீட்டுப் பேராகக் கூப்பிடுவார். வீட்டில் மூத்தவர் பதில் சொல்ல வேண்டும். பதில் வராத வீட்டைத்தான் தேடுவார்கள். ஒரு காலத்தில் இந்த முறை இல்லாமல், ஒருவனைக் கடலெல்லாம் தேடினார்களாம், அவன் திருச்செந்தூரில் சினிமாக் கொட்டகையில் இருந்தானாம். அன்றிலிருந்து இப்படி என்று தெற்குத் தெரு சொல்லும். வடக்குத் தெரு வேறு கதை சொல்லும்.

பெண்ணும் அவள் அம்மாவும் காருக்குப் பக்கத்தில் நின்றார்கள். தலைவர் கூப்பிட ஆரம்பித்தார். "இருக்கோம்" என்று ஒரு வீடு. "மூத்தவன் மஸ்கட்ல, மத்தவங்க இருக்கோம்" என்று ஒரு வீடு. "எங்க வீட்டுக்காரரு இன்னும் எந்திரிக்கல" என்று ஒருத்தி சொல்ல, கூட்டம் சிரித்தது. "மூச்சு இருக்கான்னு பாத்தியாளா?" என்றார் தலைவர். "கொறட்டை கேக்கு" என்றாள்.

வடக்குத் தெருக் கடைசி வீட்டைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். சிரிப்பு நின்றது. அது ஒரு ரிட்டயர்டு நர்ஸ் அம்மாவின் வீடு. தனியாக இருக்கிறவர். வரிசையில் அந்த வீட்டுக்கு உரிய இடம் காலியாகக் கிடந்தது. இரண்டு பக்கத்து வீட்டாரும் அந்த இடத்தை விட்டுத்தான் நின்றிருந்தார்கள். தலைவர் ஒன்றும் சொல்வதற்கு முன்பே இளவட்டங்கள் சிலர் ஓடிவிட்டார்கள். நான் காரின் பக்கம் பார்த்தேன். பெண் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் தெரு முனையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தெரிந்தது. நாற்காலியில் அந்த அம்மா. நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தார். "முட்டு வலிக்கின்னு படுத்துக் கெடந்தா, கதவ ஒடைக்கப் போறானுவ. ஏலே, எறக்குங்கலே. நிம்மதியாச் சாகக்கூட விடமாட்டிய போலுக்கே." நாற்காலியைக் கொண்டுபோய் அந்தக் காலி இடத்தில் சரியாக வைத்தார்கள். தலைவர் சிரிக்காமல் மறுபடி அந்த வீட்டுப் பேரைக் கூப்பிட்டார்.

"இருக்கேம்லே" என்றார் அந்த அம்மா, எரிச்சலாக. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

கணக்கு தெற்குத் தெருவுக்கு வந்தது. என் வீட்டுக்கு முந்தின வீடு எங்கள் அப்பா அம்மாவின் வீடு. அந்த இடத்தில் தம்பி மட்டும் நின்றான். அவன் கப்பலில் இருக்கும்போது கூப்பிட்டால், என் வரிசையில் நின்றபடி நான்தான், "கப்பல்ல" என்று சொல்வேன். பெண்ணின் அப்பாவுக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை போலும். கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மகளைத் தேடினார். அவள் காரின் பக்கத்தில் இல்லை. மணலில் வரிசைக்குப் பின்னாலேயே நடந்து வந்து, தம்பிக்கு அருகில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று அவனே பார்க்கவில்லை.

"வாம்மா, கிளம்பலாம்" என்று கூப்பிட்டார் அப்பா.

"கொஞ்சம் பொறுங்கப்பா" என்றாள், திரும்பாமலே. "நம்ம வீட்ட இன்னும் கூப்பிடல."

அப்பா கார்க் கதவை மூடினார். தலைவர் அவளைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு எங்கள் அப்பாவின் வீட்டுப் பேரைக் கூப்பிட்டார். தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள்தான், "இருக்கோம்" என்றாள்.

அடுத்து என் வீட்டைக் கூப்பிட்டிருக்கிறார். எனக்குக் காதில் விழவில்லை. கண்ணும் மறைத்துவிட்டது.

"ஏளா டீச்சர்" என்று தலைவர் குரலை உயர்த்தினார். "ஒன் வீட்டுல ஆளு இருக்கா, இல்லியா?"

என் வீட்டுக்காரர் முழங்கையால் இடித்தார். வாயாடி என்று ஊரெல்லாம் பேரெடுத்த எனக்கு ஒரு சொல் வரவில்லை. என் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி கையை மட்டும் தூக்கிக் காட்டினேன்.